பிளிதாவில் கற்றதும் நூலில் விடுபட்டதும்

ஃபிரான்ஸ் ஃபனானைப் பற்றிய உரையாடல்கள் நம்மிடையே பெரும்பாலும் வன்முறை என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. மண்ணுலகில் சபிக்கப்பட்டோர் என்று பொருள்படும் தலைப்பில் 1961இல் வெளியான அவரது நூலின் முதல் அத்தியாயமும் சார்த்தரின் முன்னுரையும் பேசப்பட்ட அளவுக்கு அதன் ஐந்தாம் அத்தியாயம் பேசப்படவில்லை. காலனியப் போர் மனித மனங்களில் விளைவித்த சிதைவுகளை விவரிப்பது அது. சித்திரவதை செய்வதைப் பணியாகக் கொண்ட ஐரோப்பியக் காவல் அதிகாரி ஒருவர், வீட்டில் மனைவி மக்களையும் அடிக்கத் தொடங்கிய பின் மருத்துவரை நாடுகிறார். பணியை விட்டு விலக அவர் வழி கேட்கவில்லை. உறுத்தலின்றி அதைத் தொடரவே வழி கேட்கிறார். நவீன அரசின் இயல்பை இவ்வளவு சுருக்கமாக உணர்த்தும் பக்கங்கள் மிகச் சிலவே.

அரசியலாளராவதற்கு முன் ஃபனான் மனநல மருத்துவர். 1953 இறுதியில் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனையில் பொறுப்பேற்றார். வட ஆப்பிரிக்க முஸ்லிமின் மூளையமைப்பே பின்தங்கியது என்பதை அறிவியலாகப் போதித்த அந்துவான் போரோவின் பள்ளி அங்கே கோலோச்சிய காலம் அது. ஃபனானின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தனர். விழா, திரைப்படம், செய்தித்தாள், கைவினை ஆகியவற்றைக் கொண்டு வாழ்வோட்டத்தை மீட்கும் முறை பெண்கள் பிரிவில் விரைவில் பலன் தந்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவிலோ அது முற்றிலும் தோற்றது. பின்னல் வேலை அவர்கள் கண்ணில் பெண்களுக்குரியது. எழுத்தறியாதோர்க்குச் செய்தித்தாளால் பயனில்லை. மொழிபெயர்ப்பாளரின் குரல் நீதிமன்றத்தையும் அதிகாரிகளையும் நினைவூட்டியது.

இத்தோல்விக்கு நோயாளிகளைக் குறைகூறாமல், பிழை தம்முடையதே என்று 1954இல் தம் மாணவர் ழாக் அசுலேயுடன் சேர்ந்து ஃபனான் எழுதினார். அந்த மக்களின் சமூகத்தை அறியாமல் அவர்களது மனத்தை அணுகியதே அப்பிழை. பிறகு அங்கே தேநீர்க் கடை வந்தது, கதைசொல்லி வந்தார், பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. தன் தவறை இப்படி ஒப்புக்கொண்ட மருத்துவரை நாம் மதிக்கிறோம். நம் குறையும் இங்கிருந்தே தொடங்குகிறது.

1956இல் பதவி விலகியபின் துனிஸிலிருந்து அவர் எழுதிய அரசியல் எழுத்துகளில் இந்தப் பாடம் தொடரவில்லை. அவர் எழுதிய ஏட்டின் பெயரே ‘அல் முஜாஹித்’. 1954 நவம்பர் 1ஆம் நாள் வெளியான விடுதலைப் பிரகடனம் இஸ்லாமியக் கோட்பாடுகளின் வரம்புக்குள் அமையும் அரசைக் கோரியது. ஆயினும் ஃபனானிடம் இஸ்லாம் ஒரு வழக்கமாக வருகிறதே தவிர, ஒரு சிந்தனையாக வருவதில்லை. 1959இல் வெளியான நூலில் அல்ஜீரியப் பெண்ணின் முக்காட்டைப் பற்றி நுட்பமாகவே எழுதுகிறார். போராட்டத் தேவைக்கேற்ப அது அணியவும் களையவும்படுகிறது. அணிபவளின் ஈமானுக்கு அதனுடன் என்ன உறவு என்ற கேள்வி ஏறத்தாழ எழவேயில்லை.

அலீ ஷரீஅத்தி அவரைப் பாரசீக வாசகர்க்கு அறிமுகப்படுத்தினார் என்பதற்காக ஃபனானை இஸ்லாமியச் சிந்தனையாளராக்க நம்மில் சிலர் விழைவதும் ஏற்புடையதன்று. அவர் முஸ்லிமல்லர், நோயாளிகளின் மொழியையும் சரளமாக அறியார். பிளிதாவில் அவரே வகுத்த அளவுகோலால்தான் அவரை அளக்கிறோம். 1961 டிசம்பரில், 36ஆம் வயதில், விடுதலைக்கு ஏழு மாதங்கள் முன்பு அவர் மறைந்தார். அவரது மருத்துவக் கட்டுரைகள் 2015இல்தான் பிரெஞ்சில் நூலாகத் தொகுக்கப்பட்டன. அரசியல் நூல்களுக்கு அருகில் அவற்றையும் வைத்துப் படிக்கும்போது, மருத்துவமனைக்கும் மேடைக்கும் இடையிலான இந்த இடைவெளி கண்ணுக்குப் புலனாகிறது.