டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்படாத தூரம்

தென்காசி வட்டாரத்தில் ஒருவருக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால், குடும்பம் பெரும்பாலும் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ, செங்கோட்டை மலைப்பாதை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோதான் கிளம்புகிறது. நெஞ்செலும்பைப் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பியால் இறுக்கிக் கட்டி, எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலருக்கு இலஞ்சிக்கோ ஆய்க்குடிக்கோ வந்து சேர்ந்த சில நாளில் காய்ச்சல் அடிக்கிறது. தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது. “முழுசாத் தேறாமலே அனுப்பிட்டாங்க” என்று வீடே சொல்கிறது. அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் என்ன எடை?

வாசல் நாம் நினைப்பதைவிட அகலமாகவே இருக்கிறது. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது கட்டணச் சேவைதான் என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. அரசுக் காப்பீட்டு அட்டையை நம்பி அறுவைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய பிடிமானம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களை மட்டும் அது விலக்கி வைத்தது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இன்னும் ஒரு படி போனது: புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். முன்பு மதுரையில் நடந்த சிகிச்சைக்கு மதுரைக்கும், கேரளத்தில் நடந்ததற்குக் கேரளத்துக்கும் அலைய வேண்டியிருந்தது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்த பிறகுதான் பாதை குறுகுகிறது. சீக்கிரம் அனுப்பியது தானாகவே தவறாகிவிடாது. அதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வார்டில் கூடுதலாக நாலு நாள் கிடந்தால் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். அந்தக் கட்டிலுக்கு வேறொரு நோயாளி காத்திருப்பார். தவிர, புண் சீழ்ப்பிடிப்பது பல நேரங்களில் வீடு திரும்பிய பிறகே வெளியே தெரிகிறது. ஆகவே எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்ற கேள்வியைக் கொண்டு வழக்கை ஓட்ட முடியாது. அனுப்பிய அன்று உடல் எப்படி இருந்தது என்பதே கேள்வி. காய்ச்சல் இருந்ததா? நாடித்துடிப்பு சீராக இருந்ததா? எக்கோ எடுத்தார்களா? செயற்கை வால்வு வைத்தவர் என்றால், ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு நிலைக்கு வந்திருந்ததா?

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன 2 வழக்குகள் இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன. இரண்டுமே இதய அறுவை பற்றியவை இல்லை என்றாலும் நம் விஷயத்துக்கு நெருக்கமானவை. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தை ஒன்றை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை. அதைச் செய்யவும் இல்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போயிற்று. 2015-ல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தீர்ப்பானது. இன்னொன்று சென்னையில் 1995-ல் நடந்த சிறுநீரக மாற்று அறுவை. டிஸ்சார்ஜ் ஆன நோயாளி சில மாதத்தில் இறந்தார். பின்கவனிப்பில் குறை என்று குடும்பம் வழக்காடியது. அறுவைக்குப் பிந்தைய கவனிப்பில் அலட்சியம் இருந்தாலும் அதை விசாரிக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது என்று 2022-ல் மேல்முறையீட்டைத் தள்ளியது. முன்னதில், செய்ய வேண்டிய ஒன்று செய்யப்படவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. பின்னதில் அப்படிக் காட்ட முடியவில்லை. வென்றவருக்கு 19 ஆண்டு, தோற்றவருக்குக் கால் நூற்றாண்டு. இந்தக் காலதாமதத்துக்கு எந்தச் சமாதானமும் என்னால் சொல்ல முடியவில்லை.

விரல் வைத்துக் காட்ட வேண்டிய ஆதாரமெல்லாம் யார் கையில் இருக்கிறது? மருத்துவமனையின் கையில். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயாளியின் நிலை “சீராக உள்ளது” என்று ஒரே வரி. அதற்குக் கீழே மாத்திரைப் பட்டியல். கடைசியில், ஏழு நாள் கழித்து வரவும். அன்று காலை காய்ச்சல் 100-ஐத் தாண்டியிருந்தால் அது நர்ஸ் எழுதும் சார்ட்டில் இருக்கும், இந்தத் தாளுக்கு வராது. பல இடங்களில் இன்னொரு படிவமும் நீட்டப்படுகிறது: சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று. பில் கட்டிய களைப்பில், வண்டி கீழே காத்திருக்க, மகனோ மருமகனோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிற்பாடு ஆணையத்தில் முதலில் எடுத்து வைக்கப்படுவது அந்தக் கையெழுத்துதான். என்ன ஆபத்து என்று புரியும்படி சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்கு ஆணையங்கள் மதிப்பே தரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யாரும் போதிய அளவு பேசாத குறை இன்னொன்று, தூரம். மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவரையும், மலைப்பாதை இறங்கி மூன்று மணி நேரம் போக வேண்டியவரையும் ஒரே அளவுகோலில் அனுப்புவது நியாயமில்லை. சாரல் பொழுதில் குற்றாலத்துக்கு வரும் வண்டிகள் செங்கோட்டைச் சாலையில் வரிசைகட்டி நிற்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் கிடப்பவருக்கு அந்தத் தூரம் இன்னும் நீளும். தகுந்த கவனம் என்று சட்டம் சொல்வதில், நோயாளி எங்கே திரும்பிப் போகிறார், அங்கே அவசரத்துக்கு யார் பார்ப்பார் என்று கேட்டு எழுதுவதும் அடங்க வேண்டும்.

அப்படித் திரும்பி வந்தவரை ஊரில் முதலில் பார்க்கும் டாக்டரின் குறிப்பு பல வழக்குகளின் உயிர்நாடி. அவரோ பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிராக எழுதத் தயங்குகிறார். அவர் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. தேதி, நேரம், காய்ச்சல், ரத்த அழுத்தம், புண்ணின் நிலை இவற்றை எழுதினாலே போதும்.

போலீஸ் புகார் இந்த வகை விஷயத்துக்குப் பெரும்பாலும் உதவாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல், மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்றவழக்கு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் பதிவில் கை வைக்கலாம். பணம் வாங்கித் தராது.

கையில் இருக்கும் நல்ல ஆயுதம் வேறு. 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் உள்நோயாளியின் ஆவணங்களைத் தர வேண்டும். 3 ஆண்டு வரை அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், நர்ஸ் சார்ட், கடைசி 48 மணி நேரத்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டும் தராத மருத்துவமனையிடம், அனுப்பும்போது நோயாளி நன்றாகத்தான் இருந்தார் என்று நீங்களே நிரூபியுங்கள் என ஆணையம் சொல்ல வேண்டும். அதைச் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டால், காசநோயோ சர்க்கரையோ எதற்கும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற சாதாரணக் குடும்பமும் தைரியமாக வழக்குப் போட முடியும்.