புதுசு மாதிரி

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் பெயிண்டுக்குப் போய்த் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. எண்பதுகளில் அப்பா விருதுநகரில் வாங்கியது. மேல்மூடி இரும்புத் தகடு, முன்பக்கம் அலுமினியம். மூடியின் ஓரங்களில் பெயிண்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. பட்டறையில் கொடுத்தேன். நாலே நாளில் போன் வந்தது: "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் அண்ணாச்சி, வந்து பாருங்க."

அவர் பொய் சொல்லவில்லை. மூடியும் முன்பக்கமும் ஒரே சில்வரில் பளபளத்தன. வால்யூம், பாஸ், ட்ரெபிள் என்ற எழுத்துகள் மட்டும் இல்லை. வால்யூம் குமிழ் பக்கத்தில் அப்பா காம்பஸ் முனையால் கீறி வைத்திருந்த சின்னக் கோடும் இல்லை. ராத்திரி பாட்டி தூங்கினபிறகு அந்தக் கோட்டைத் தாண்டித் திருப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. "நல்லா பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவன் நான்தான். நல்லா என்றால் பளபளப்பு என்றுதான் நம் ஊரில் அர்த்தம். பழைய ஆம்ப்ளிஃபயரை விற்பவர்களும் வாங்குபவர்களும் "புதுசு மாதிரி" என்பதைத்தான் பெரிய பாராட்டாகச் சொல்கிறார்கள். அந்த ரசனையோடுதான் என் சண்டை.

முதலில் சில்வரைப் பார்ப்போம். அதில் வெள்ளி கிடையாது, அலுமினியச் செதில்கள்தான். மத்தாப்பில் வெள்ளைப் பொறியாகத் தெறிப்பதும் இதே அலுமினியம்தான். பெயிண்டுக்கான செதிலில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேலே மிதந்து வந்து தகடு போலப் படியும். கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் தேய்த்தால் விரலில் ஒட்டும். கேட்டுக்கும் ஷட்டருக்கும் அடிப்பது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று படலத்துக்குள்ளேயே தங்கிவிடும். மினுக்கு குறைவு, கையில் ஒட்டாது. தினமும் தொடுகிற பெட்டிக்கு இரண்டாவதுதான் சரி. எங்கள் பெட்டிக்குக் கிடைத்தது முதலாவது. குமிழைத் திருப்பினால் விரல் நுனி சாம்பல் நிறமாகிறது.

அடுத்தது டுக்கோ. 1923இல் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர் அது. வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. நைட்ரஜன் அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. சீக்கிரம் காயும், ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்த நம் வறண்ட காற்று இதற்கும் தோதுதான், ஐப்பசி மழையைத் தவிர்த்தால். ஆக, பெயிண்ட் வேலைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. குறை ஊரிலும் இல்லை, கைத்திறனிலும் இல்லை. எதற்கு அடிப்பது, எதை விட்டுவைப்பது என்ற தீர்மானத்தில்தான் இருக்கிறது.

இரும்பு மூடிக்கு பெயிண்ட் கட்டாயம் வேண்டும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காயவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடித்தால் போதும். காற்றுத் துளைகள் அடைபடக் கூடாது. மூடி சேஸியைத் தொடுகிற இடங்களையும் திருகு ஓட்டைகளையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே பெயிண்ட் ஏறினால் மூடிக்கு எர்த் தொடர்பு அறுந்துபோகும். ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம், ஷாக் அடிக்கவும் வழியுண்டு. என் பெட்டியில் நாலு ஓட்டையிலும் சில்வர் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து நானே சுரண்டினேன்.

அலுமினிய முன்பக்கத்துக்கு பெயிண்டே தேவையில்லை. அதன் மினுக்கு அனோடைசிங் என்கிற படலம், பெரும்பாலும் 25 மைக்ரானுக்குள் இருக்கும். அது துருப்பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்திருந்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படலமும் போகும், எழுத்தும் போகும். பிறகு தின்னர் ஊற்றி சில்வரைக் கழுவினாலும் அடியில் பழையது இருக்காது.

இதனால்தான் சொல்கிறேன்: மூடிக்கு பெயிண்ட் அடிப்பது பராமரிப்பு. முகப்புக்கு அடிப்பது அழிப்பு. இரண்டையும் ஒரே பில்லில் போட்டு "ரீஸ்டோர்" என்று பெயர் வைக்கிறோம். ஒரு பெட்டி நல்லபடியாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்க நான் இப்போது பளபளப்பைப் பார்ப்பதில்லை. எழுத்து இருக்கிறதா, திருகு ஓட்டை சுத்தமாக இருக்கிறதா, விரலில் சில்வர் ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன்.

எழுத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். சிவகாசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை; ஒரே ஒரு பேனல் என்றாலும் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவின் கோட்டையும் நானே கீறிவிடலாம் என்று காம்பஸை எடுத்தேன். கடிகார முள் ஒன்பதில் நிற்கிற இடம் என்றேன் நான். "இல்லடா, பத்துகிட்ட" என்றார் அம்மா. அப்பா இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. காம்பஸை டப்பாவில் திரும்ப வைத்துவிட்டேன்.