விளிம்பில் இரு தோழிகள்

'தெல்மா அண்ட் லூயிஸ்' (1991) படத்தை என் மாணவியருடன் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் அகப்பாடல்களில் உடன்போக்குக்கு வழிசெய்துவிட்டுத் தோழி ஊரிலேயே நின்றுவிடுவாள். இங்கே தோழியே கூட வருகிறாள், வண்டியும் ஓட்டுகிறாள். அந்தக் குதூகலம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இருவரும் கிளம்பியது மலைக்குடில் ஒன்றில் வார இறுதியைக் கழிக்கத்தான். வழியில் ஒருவன் தெல்மாவை வன்புணர முயல்கிறான், லூயிஸ் அவனைச் சுடுகிறாள். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய பாலைநிலமும் தப்பியோடும் வழியாக மட்டுமே சுருங்கிவிடுகிறது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் செம்பாறைகளுக்கு நடுவே எடுத்த காட்சியில்கூடக் காவலரைக் கார் டிக்கியில் அடைத்துவிட்டு விரைகிறார்கள். ஓர் இரவில் மட்டும் லூயிஸ் வண்டியை நிறுத்தி இறங்கி, பேச்சில்லாமல் பாறைகளைப் பார்த்து நிற்கிறாள். எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் படம்.

முடிவில் கிராண்ட் கேன்யன் விளிம்பிலிருந்து கார் பாய்கிறது (படமாக்கியது என்னவோ யூட்டாவில்). கைகோத்த அந்தப் பாய்ச்சலை விடுதலை என்று எழுதும் பெண்ணியத் திறனாய்வோடு எனக்கு உடன்பாடில்லை. கார் அந்தரத்தில் உறைந்துவிடுவதால், இரண்டு பெண்கள் சாவதை நாம் பார்க்கவேண்டியிருப்பதில்லை. திரும்பி வருகிற பெண்களின் பயணம் நமக்குக் கதையாகப் படுவதில்லையா?

1938இல் எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரு தாவரவியலாளர்கள் கொலராடோ ஆற்றில் படகேறி அதே கிராண்ட் கேன்யனைக் கடந்தார்கள். கூட வந்த ஆண்களுக்குச் சமைத்ததும் இவர்கள்தான் (வேறு யார்?). இடையிடையே கரையேறி நடந்து செடிகளைச் சேகரித்தார்கள், 1944இல் தாவரப் பட்டியலை வெளியிட்டார்கள். ஜாட்டர் 99 வயதுவரை இருந்தார்.