கலைக்கு வெள்ளைக் கோட்டு

கலையால் நோய் தீருமா என்ற கேள்விக்கு நான் இங்கே வரப்போவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி அறிக்கையே போட்டாயிற்று. ஆஸ்பத்திரிக்குள் தூரிகையோடும் மத்தளத்தோடும் நுழைகிறவருக்கு யார் பயிற்சி தருவது, எதற்குத் தருவது, பயிற்சி முடிந்து வெளியே வரும்போது அவர் யாருடைய ஆளாக இருக்கிறார்? என்னைத் தொந்தரவு செய்வது இதுதான்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2021-ல் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தப் பரிசோதனை செய்பவர் என்று நீண்டுகொண்டே போகும் அதன் அட்டவணையில் அசைவுச் சிகிச்சையாளர் என்று ஒரு வரி. கலையும் நடனமும் அதற்குள் அடக்கம். ஒரு வரிதானே என்று விட்டுவிட முடியவில்லை. அட்டவணை என்றால் பின்னாலேயே பதிவேடு வரும், பதிவேட்டுக்குப் பாடத்திட்டம், பாடத்திட்டத்துக்குக் கட்டணம். கட்டணம் வந்த இடத்தில் யார் உள்ளே போவார்கள், யார் வாசலில் நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

இந்தப் பாதையில் முன்னால் நடந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938-ல் காசநோயோடு மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தபோது கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். ‘கலைச் சிகிச்சை’ என்ற சொல்லை 1942-ல் உண்டாக்கியவர் இவர்தான். அதாவது அந்தச் சொல் பிறந்த இடம் நோயாளியின் படுக்கை. மருத்துவர் மேசைக்கு அது பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

எட்வர்ட் ஆடம்சன் கதை இன்னும் சிக்கலானது. சர்ரேயில் இருந்த நெதர்ன் மனநோய் மருத்துவமனையில் 1946-ல் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தார். மூளையின் முன்பகுதி நரம்புகளைத் துண்டிக்கும் அறுவை நடந்த மருத்துவமனை அது. அங்கிருந்த மனநல மருத்துவர்களுக்கு நோயாளிகளின் படங்கள் ஆராய்ச்சிப் பொருளாகத் தேவைப்பட்டன. படம் சுத்தமான சான்றாக இருக்க வேண்டுமென்றால் ஓவியர் குறுக்கே வரக்கூடாது, சொல்லிக் கொடுக்கக்கூடாது, பொருள் விளக்கவும் கூடாது. ஆக, உளவியல் பயிற்சி இல்லாத ஆள் என்பதே அவருக்குத் தகுதியாயிற்று! வேடிக்கை என்னவென்றால், மருத்துவ அதிகாரம் போட்ட இந்தத் தடையையே ஆடம்சன் தன் அறமாக மாற்றிக்கொண்டார். 1981-ல் ஓய்வு பெறும் வரை சும்மா கூடவே உட்கார்ந்திருந்தார். வரைகிறவர் வரைந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆரம்ப நாட்களில் அவர் பார்த்த படங்களில், உள்ளே இருந்த ஒருவர் எரிந்த தீக்குச்சியின் கரியால் கழிப்பறைக் காகிதத்தில் வரைந்தவையும் உண்டு. இன்று அவை லண்டன் வெல்கம் சேகரிப்பில் பாதுகாக்கப்படுகின்றன. அறிகுறி என்று வாசித்தால் அவை மருத்துவருக்குச் சொந்தம், கலை என்று வாசித்தால் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். வரைந்தவருக்கு எப்போது சொந்தமாகும் என்ற கேள்வியை இரண்டு வாசிப்பும் தாண்டிப் போய்விடுகின்றன.

இதே ஆடம்சன் 1964-ல் உருவான பிரிட்டிஷ் கலைச் சிகிச்சையாளர் சங்கத்தின் நிறுவனத் தலைவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். 1997-ல் அரசுப் பதிவு வந்தது. இன்று அங்கே முதுநிலைப் படிப்பு முடித்துப் பதிவு செய்யாதவர் தன்னைக் கலைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்டால் சட்டப்படி குற்றம். நெதர்னில் நுழைந்த அன்றைய ஆடம்சன் இன்றைக்கு வந்தால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருக்கிறவரை நடிக்கச் சொல்லி, ரணத்தைத் திறந்துவிட்டு, அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற உற்சாக நாடகக்காரர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றி நோயாளி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? பதிவேடு இருந்தால் புகார் சொல்ல ஓர் இடமாவது இருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர் ஆஸ்பத்திரியில் சக்தியற்றுப் படுத்துக் கிடக்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பயிற்சி இதோடு நிற்பதில்லை. ‘இடையீடு’, ‘இலக்கு’, ‘விளைவு’ என்று ஒரு சொல்லாடலையும் கையில் கொடுத்து அனுப்புகிறது. பாட்டுப் பாடியதைக் குறிப்பேட்டில் எழுதும்போது பாட்டு காணாமல் போய்ப் பதற்றம் குறைந்த அளவு மட்டும் மிஞ்சுகிறது. (பூக்கோ பெயரை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் சிறுபத்திரிகையில் சாமிக்குத்தம் ஆகிவிடும். சொல்லியாயிற்று.) வார்டின் பூட்டு, சோற்றின் தரம், ஆயாவின் பன்னிரண்டு மணி நேர வேலை இதெல்லாம் பாடத்திட்டத்தில் ஏன் வருவதில்லை? நோயாளியின் மனசை வரையக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி, அவர் படுத்திருக்கும் கட்டடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை.

பிரேசிலில் இது வேறு மாதிரி நடந்தது. மனநல மருத்துவர் நீஸி ட சில்வேரா, வர்கஸ் ஆட்சியில் 1936-ல் இடதுசாரி என்று சிறையில் அடைக்கப்பட்டவர். 1944-ல்தான் அரசுப் பணிக்குத் திரும்ப முடிந்தது. ரியோவில் எஞ்ஞேனோ டெ டென்ட்ரோ மனநோய் மருத்துவமனையில் மின்அதிர்ச்சி கொடுக்க மாட்டேன் என்று மறுத்தார். மறுத்தவரைத் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளைக் கூட்டவும் துடைக்கவும் விடுகிற, மதிப்பில்லாத மூலை அது. 1946-ல் அங்கே ஓவியக்கூடம் திறந்தார். கூட நின்றவர் மருத்துவமனை ஊழியராக இருந்த இளம் ஓவியர் அல்மீர் மாவின்யே. நீஸி அங்கிருந்தவர்களை நோயாளிகள் என்று கூப்பிட மறுத்தார். அவர்கள் ‘வாடிக்கையாளர்கள்’. இன்றைய தனியார் ஆஸ்பத்திரியில் இந்தச் சொல் பில்லைக் குறிக்கும். அன்று அவர் வாயில் அது கட்டளைக்கு உட்படாத மனிதரைக் குறித்தது. சொல்லுக்கு அர்த்தம் அது நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். 1949-ல் இவர்களில் ஒன்பது பேரின் படைப்புகள் சாவ் பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. மார்க்சிய விமர்சகர் மாரியோ பெட்ரோசா இது கலைதான் என்று வாதாடினார். இல்லை என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. 1952-ல் நனவிலிப் படிமங்களின் அருங்காட்சியகம் மருத்துவமனை வளாகத்திலேயே உருவானது. நீஸி பின்னால் யுங்கின் ஆதிப்படிமங்களுக்குள் ரொம்பத் தூரம் போய்விட்டார் என்பது என் அபிப்பிராயம். வட்டம் வரைந்தால் மண்டலம் என்று வாசிப்பதும் ஒருவகை நோய்க்கூறு அறிக்கைதானே. ஆனாலும் அங்கே முதலில் மாறவேண்டியவர் மருத்துவராக இருந்தார் என்பதை மறுக்க முடியாது.

இத்தாலியின் ட்ரியஸ்தே இன்னும் ஒரு படி மேலே. ஃபிராங்கோ பசாலியா இயக்குநராக இருந்த மனநோய் விடுதியில் 1973-ல் காலியான ஒரு வார்டில் நாடகக்காரர் ஜூலியானோ ஸ்காபியாவும் மற்ற கலைஞர்களும் வந்து தங்கினார்கள். உள்ளே இருந்தவர்களும் தாதியரும் அவர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக்கூழாலும் பிரம்மாண்டமான நீலக் குதிரை ஒன்றைச் செய்தார்கள். மார்கோ கவாலோ என்று பெயர். சலவை வண்டி இழுத்த நிஜக் குதிரையின் பெயர் அது. ஊர்வலமாகக் கிளம்பினால் குதிரை வாசலுக்குள் அடங்கவில்லை. வாசலை உடைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். 1978-ல் மனநோய் விடுதிகளை மூட வகைசெய்யும் 180-ஆம் எண் சட்டம் வந்தது. குதிரையால் சட்டம் வந்தது என்று கதை கட்ட வேண்டாம், பின்னால் பெரிய அரசியல் இயக்கம் இருந்தது. ஆனால் அந்த வார்டில் யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? சாவிக்கொத்தோடு திரிந்த தாதி பசைவாளியோடு நின்றபோது அவருக்கு நடந்ததை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

நம்மூருக்கு வருவோம். எய்ட்ஸ் விழிப்புணர்வு, காசநோய் விழிப்புணர்வு என்று கலைஞர்களைக் கூப்பிட்டு, எழுதிவைத்த வசனத்தைக் கையில் கொடுத்து, ஒரு நாள் பயிற்சி தந்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்த்து அனுப்புகிற பழக்கம் இங்கே உண்டு. செய்தியைச் சுமக்க அவர்கள் வேண்டும். சிகிச்சை என்று பெயர் மாறி மாதச் சம்பளம் வரும்போது முதுநிலைப் பட்டம் கேட்கப்படும். பறையடிக்கிறவரின் கைக்கு இருக்கிற அறிவை எந்த மதிப்பெண்ணில் அளப்பார்கள்? சாவு வீட்டில் அழுகையைக் கூட்டவும் தணிக்கவும் தெரிந்த கை அது. அதே சாவைக் காட்டித்தான் அந்தக் கையைச் சாதி ஊருக்கு வெளியே வைத்தது என்பதால், ‘மரபுச் சிகிச்சை’ என்று அதைக் கொண்டாடிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் எனக்குச் சம்மதமில்லை.

பாடத்திட்டம் எழுத உட்காரும் குழுக்களில் மருத்துவரும் பேராசிரியரும் இருப்பார்கள், அதற்கு யாரும் போராட வேண்டியதில்லை. ஒரு கூத்துக்காரரும், மனநோய் விடுதியில் வருஷக்கணக்கில் இருந்து மீண்ட ஒருவரும், வார்டு ஆயா ஒருவரும் கருத்து கேட்கப்படுகிறவர்களாக இல்லாமல், ஓட்டுரிமையோடு அதில் உட்கார வழி இருக்கிறதா? சட்டம் படித்த நண்பர்கள் எழுதினால் அடுத்த இதழில் தொடரலாம்.