மணிமேகலை கேட்காத கேள்வி

மணிமேகலையை வாசிப்பவர்கள் பெரும்பாலும் அமுதசுரபியோடு நின்றுவிடுகிறார்கள். சமயவாதிகளும் தர்க்கப் பாடமும் வரும் 27, 29, 30ஆம் காதைகள் 'செம போர்' என்று பெயரெடுத்தவை. எனக்கோ காப்பியம் அங்கேதான் சூடுபிடிக்கிறது. அதுவரை ஊர்ப்பசி தீர்த்தவள் அங்கே மாணவியாகிறாள்.

வஞ்சியில் அவள் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொள்கிறாள். காரணம் பத்தாம் காதையிலேயே வந்துவிடுகிறது: இளம்பெண் என்றால் சமயவாதிகள் தங்கள் கொள்கையைச் சொல்லித்தரமாட்டார்கள். சாத்தனார் இதற்காகக் கோபப்படுவதில்லை. ஏதோ நுழைவுச்சீட்டுப் பிரச்சினை மாதிரி ஒரு மந்திரத்தைக் கொடுத்துவிட்டு நகர்கிறார்.

உள்ளே போனவள் சும்மா இருப்பதில்லை. அளவைவாதி, ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து பூதவாதியிடம் நிற்கிறாள். நேரில் காண்பதே அறிவு, அனுமானம் செல்லாது என்கிறான் அவன். அப்படியென்றால் உன் தாய் தந்தையை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மடக்குகிறாள். தமிழ் இலக்கியத்தில் ஒரு மாணவி கேட்ட ஆகச்சிறந்த கேள்விகளில் ஒன்று இது.

பிறகு காஞ்சி. அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் அடுக்குகிறார். இந்தப் பகுதிக்கும் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலுக்கும் உள்ள நெருக்கம் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதிப்பது. வாசிக்கும்போது டாக்குமென்டேஷனை அப்படியே ஒட்டியது போலத்தான் இருக்கிறது. வறட்சியைக்கூட மன்னித்துவிடலாம். பூதவாதியை மடக்கியவள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. தர்க்கம் கற்றவள் அதைத் தன் குருவிடம் ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை. அவள் ஏற்கெனவே முடிவெடுத்து வந்தவள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மாற்றுக் கட்சிக்காரர்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்விக்குக் கல்வி என்று பெயரா?

பௌத்தத்துக்கு இது அந்நியமான எதிர்பார்ப்பும் இல்லை. பாலி மரபுக் கதையில் குண்டலகேசி சாரிபுத்தரிடம் தன் கேள்விகள் தீரும்வரை வாதிட்டு, அவர் திருப்பிக் கேட்ட ஒற்றைக் கேள்வியில் தோற்று, அதன்பிறகே துறவு ஏற்கிறாள். அவள் பெயரில் தமிழில் எழுந்த காப்பியத்தில் நமக்கு மிஞ்சியவை 19 பாடல்கள். அடங்கிக் கேட்டவளின் நூல் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் கீழவாஞ்சூர் எல்லையிலிருந்து தெற்கே நாகூரைத் தாண்டினால் நாகப்பட்டினம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரை அங்கேதான் இருந்தது. அதற்குக் கொடுத்த ஆனைமங்கலத்தின் எல்லைகளை லெய்டன் செப்பேடுகள் விலாவாரியாகச் சொல்கின்றன. விகாரையில் படித்த ஓர் இளம் பிக்கு தன் ஆசானிடம் என்ன கேட்டான் என்று அவை சொல்வதில்லை. அதற்கு நாம் மணிமேகலையிடம்தான் போகவேண்டும். அவளோ பாடம் முடிந்ததும் நோன்பேற்கிறாள், காப்பியமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.