வத்தல்மலை வளைவுகளில் ஈகோஸ்போர்ட்

கடத்தூர் பக்கம் பழைய கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் மைலேஜைக் கேட்பார்கள், அடுத்து ஏ.சி.யைப் போட்டுப் பார்ப்பார்கள். வளைவில் வண்டி எப்படி நிற்கிறது என்று கேட்பவர் அபூர்வம். தொப்பூர் கணவாயும் வத்தல்மலையும் இருக்கிற மாவட்டத்தில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அதற்காகவே பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் ஒன்றை தருமபுரி வழியாக வத்தல்மலைக்கு ஏற்றினேன்.

முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் ட்விஸ்ட் பீம். ஸ்விஃப்ட், ஐ20, ஆல்ட்ரோஸ் எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் இதன் மூக்கு தயங்காமல் உள்ளே திரும்புகிறது. 200 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள உயரமான வண்டி, சாயத்தான் செய்யும். சாய்ந்தாலும் ஓரளவோடு நின்றுவிடுகிறது, ஆட்டம் போடுவதில்லை. வளைவின் நடுவில் குழி வந்தபோதும் ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இதில் ஷாக் அப்சார்பருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பாடிக்கும் உண்டு. திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் இறங்குகிறது. அந்த நேரத்தில் பாடி முறுக்கிக்கொண்டால் ஸ்ட்ரட் பிடித்திருக்கும் இடமே அசையும், டயர் சாலையில் பதியும் கோணமும் மாறிவிடும். ஸ்பிரிங்கை எவ்வளவு கெட்டியாக்கினாலும் அது சரியாகாது. பாடி விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங்கை மென்மையாகவே விடலாம், இடுப்பும் தப்பிக்கும்.

பழைய வண்டியில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேடான கல்லில் ஏற்றி நிறுத்தி, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். ஈகோஸ்போர்ட்டில் பின்கதவை விட்டுவிடாதீர்கள். ஸ்டெப்னியைச் சுமந்தபடி பக்கவாட்டில் திறக்கும் கதவு அது. எங்காவது உரசினால் வண்டி அடிபட்டுப் பட்டறைக்குப் போய் வந்ததா என்று விசாரியுங்கள். வேகத்தடையில் 'டொக்' என்று சத்தம் வந்தால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் தேய்ந்துபோனால் எவ்வளவு விறைப்பான பாடியும் வளைவில் தளும்பும்.

மறைமலை நகரில் தயாரான இந்தக் கார் 2022-இல் நின்றுபோனது. அதனால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று உங்கள் மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால், மலைப்பாதைக்குப் பழைய கார்களில் என் தேர்வு இதுதான்.