எச்-1 அட்டவணையும் முதியோரின் விரை வலியும்

மருந்து விற்பனைக்கான இந்திய விதிகளில் ‘எச்-1’ என்னும் அட்டவணை 2013 ஆகஸ்டு 30ஆம் நாள் சேர்க்கப்பட்டது. 2014 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இடம்பெற்ற 46 மருந்துகளுள் 24 ஆன்ட்டிபயாட்டிக்குகள். மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அதன் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்து வைக்க வேண்டும். பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. விதி எவ்வளவு பயன் தருகிறது என்பதை ஒரு நோயைக் கொண்டு உரைத்துப் பார்ப்போம்.

முதியோருக்கு விரையில் தோன்றி வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை எடுத்துக்கொள்வோம். நம் கொங்கு நாட்டில் பெரியவர்கள் இதை வீட்டாரிடம் சொல்லவே கூசுவார்கள். ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் தணிந்த குரலில் கேட்டு நாலு மாத்திரை வாங்குவார்கள்.

இவ்வலிக்குக் காரணம் ஒன்றன்று. புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் தேங்கினால், குடலில் வாழும் ஈ-கோலை போன்ற பாக்டீரியாக்கள் அதில் பெருகும். பின்னோக்கிச் சென்று விரையின் பின்புறமுள்ள நாளச் சுருளை வீங்கச் செய்யும். அப்போது ஆன்ட்டிபயாட்டிக் தேவைதான். ஆனால் குடலிறக்கமும் சிறுநீரகக் கல்லும்கூட அதே இடத்தில் வலியைக் காட்டும். அங்கே கொல்வதற்குப் பாக்டீரியாவே இல்லை. காசநோயும் இச்சுருளைத் தாக்குவதுண்டு. பெருந்துறைக் காசநோய் மருத்துவமனையை அறிந்த நம்மவர்கள் அந்நோயை நுரையீரலோடு மட்டுமே சேர்த்து எண்ணுகிறோம்.

இவ்வகை நோய்த்தொற்றுக்குத் தரப்படும் மருந்துகளுள் லீவோஃபிளாக்சசின், ஓஃபிளாக்சசின் இரண்டும் அடங்கும். இங்கேதான் அட்டவணையின் முதற்குறை தெரிகிறது. 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் முன்னது உண்டு, பின்னது இல்லை. ஆய்வுக்கூடத்தில் சர்க்கரைக் கரைசல் தளவிளைவுற்ற ஒளியின் தளத்தைச் சுழற்றுவதை மாணவர்கள் கண்டிருப்பார்கள். ஓஃபிளாக்சசினில் அத்தளத்தை இடப்புறம் திருப்பும் மூலக்கூறுகளும் வலப்புறம் திருப்பும் மூலக்கூறுகளும் சம அளவில் கலந்துள்ளன. பாக்டீரியாவைக் கொல்வது பெரும்பாலும் இடப்புற வகையே. அதை மட்டும் பிரித்தெடுத்தால் அதுவே லீவோஃபிளாக்சசின். ஓஃபிளாக்சசினுக்கும் பழைய எச் அட்டவணைப்படி சீட்டு வேண்டும். ஆனால் தனிப் பதிவேடு வேண்டியதில்லை. வாசலைப் பூட்டிவிட்டுப் புறக்கடையைச் சாத்தி மட்டும் வைத்தது போன்றதே இது.

இரண்டாவது குறை பெரிது. விதி சீட்டைத் தேடுகிறது, சோதனையைத் தேடவில்லை. சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டறிய இரண்டு மூன்று நாள்கள் போதும். நம் நாட்டின் ஈ-கோலைகளுள் பெரும் பகுதி இவ்வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. லீவோஃபிளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு ஒடுக்குமாதலால், ஊகத்தில் கொடுத்தால் வலி சற்றே தணிந்து உண்மை நோய் மறைந்து நிற்கக்கூடும். மேலும், இம்மருந்துகளால் தசைநாண் அறுந்துபோகலாம் என்றும், 60 வயதைக் கடந்தோருக்கு அந்த ஆபத்து மிகுதி என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2008இல் எச்சரித்தது.

மருத்துவரில்லாச் சிற்றூர்களில் எல்லா ஆன்ட்டிபயாட்டிக்குகளையும் ஒரே நாளில் கட்டிப்போட்டால் உயிர்காக்கும் மருந்தே கிட்டாமற் போகும். படிப்படியாகச் செல்வோம் என்று 2012ஆம் ஆண்டுச் சென்னைப் பிரகடனம் கூறியது. நியாயமான வாதமே. ஆனால் கோவையில் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை. பதிவேட்டில் ‘எந்தச் சோதனையின் பேரில்’ என்று இன்னொரு பத்தி சேர்ப்பதற்குத் தடை என்ன?

காய்ச்சல் கடுமையாயின் முடிவு வரும்வரை காத்திருக்கலாகாது. எனினும் முதல் மாத்திரைக்கு முன் சிறுநீர் மாதிரி கொடுத்துவிடலாம். திடீரென்று தாங்கவொண்ணா வலி தோன்றினால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அளந்து பாராமல் திருத்தம் செய்வதை இயற்பியல் ஏற்பதில்லை. மருத்துவ விதியும் ஏற்கலாகாது.